பகுதிக் கிரகணம்

டோஸ்ட்ருப்
14.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தானும் மகள் மேனுஜாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன கிழமை தொலைபேசியில் பிடித்த சண்டைக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். அதற்காகத்தானே நாங்கள் இந்தக் காலத்திலும் கடிதம் எழுதுகிறோம். எழுதும்போது நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பழங்கால வரலாறு கசக்கிறது. ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் மாலைப்பள்ளியில் பெரியவர்களுக்கு ஒரு விரிவுரை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரோமப் பேரரசு உடைந்துகொண்டிருந்த நூற்றாண்டுகளில் மக்கள் கண்ட சூரிய கிரகணங்களைப் பற்றியது. நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ‘அதைத் தெரிந்து ஆருக்கு என்ன’ என்பீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அக்காலத்து ஆட்கள் கிரகணத்தை வகை பிரித்து எழுதுவது குறைவு. பெரும்பாலும் ‘பகல் இரவாயிற்று’ என்று ஒரே வரி. சூரியன் முழுவதும் மறைந்ததா, நடுவில் மறைந்து ஓரம் வளையமாய் நின்றதா, ஓரிடத்தில் வளையமாகவும் இன்னோரிடத்தில் முழுதாகவும் தெரிந்த கலப்பு வகையா என்பதை இன்றைக்கு நாங்கள் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு துண்டு மட்டும் மறையும் பகுதிக் கிரகணத்தைப் பலர் எழுதாமலே விட்டிருக்கிறார்கள். வெளிச்சம் குறையாததால் அது கண்ணில் படுவதில்லை. ஆனால் கண்ணுக்குக் கெடுதல் அதுதான். முழுதாய் மூடிய அந்தச் சில நிமிடங்கள் தவிர வேறெப்போதும் வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது.

29ஆம் திகதி சனிக்கிழமை மத்தியானம் டென்மார்க்கில் எங்களுக்கும் ஒன்று வருகிறது, சின்னத் துண்டுதான். இத்துடன் இரண்டு கிரகணக் கண்ணாடிகள் வைத்திருக்கிறேன். ஒன்று மேனுஜாவுக்கு. மற்றது உங்களுக்கு, நீங்கள் போட மாட்டீர்கள் என்று தெரிந்தும்.

அவள் ரயில் சாரதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்ததை எனக்குச் சொன்னாள். மறிக்காதேங்கோ, அக்கா.

அன்புடன் தங்கை
சாரங்கி


வைலே
22.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதமும் கண்ணாடியும் கிடைத்தன. முழங்கால் நோவைத் தவிர மற்றெல்லாம் கடவுள் புண்ணியம்.

மறிக்காதே என்று எழுதுவது உனக்குச் சுகம். பெற்றவள் நான். மூன்று தலைமுறையில் படிப்பு வராதவன்கூட ரயில் ஓட்டவில்லை. இவளுக்குப் படிப்பு வருகிறது, பிறகும் ரயில்தான் ஓட்டுவேன் என்கிறாள். இரவில் தனியே ஒரு எஞ்சினுக்குள் இருந்துகொண்டு ஜட்லாந்து முழுக்கப் போய் வருவாளாம். அத்தானைக் கேட்டால், ‘பிள்ளை ஓட்டினால் எங்களுக்கு டிக்கெட் மிச்சம்’ என்கிறார். அவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை. நான் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன், இந்த வேலை இவளுக்குச் சரிவரக் கூடாது என்று. உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, ஏசுவதென்றால் ஏசு.

கிரகணத்தன்று ஒருவரும் வெளியில் போகப்போவதில்லை. அமாவாசை, அன்றைக்கே சனி மாற்றமும். யாழ்ப்பாணத்தில் தெரியாது, அதனால் தோஷமில்லை என்று மாமி சொன்னா. நாங்கள் யாழ்ப்பாணத்திலா இருக்கிறோம்? இங்கே தெரிகிறது, ஆகவே இங்கே உண்டு. மத்தியானச் சமையலை நேரத்தோடு முடித்து, கிரகணம் விட்டபின் முழுகிவிட்டுத்தான் அடுத்த சாப்பாடு. நீ உன் ரோமாபுரி ஆட்களோடு நின்று பார்.

அன்புள்ள அக்கா
புஷ்பராணி


வைலே
19.04.2025

அன்புள்ள சாரங்கிக்கு,

வருடப்பிறப்புக்கு நீ அனுப்பிய வாழ்த்து வந்தது. எங்கள் வீட்டில் இந்த முறை வருடம் பிறக்கவில்லை.

மேனுஜாவின் இடது கண்ணில் பிழை. கிரகணத்தன்று நான் சமையலறையில் நிற்க, சொல்லாமல் வெளிக்கிட்டுப் போனவள் துறைமுகத்தடியில் நின்று சூரியனைப் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுத்துகளின் நடு தெரியவில்லை என்றாள். ஸ்டேஷன் பலகையைப் பார்த்தால் நடு எழுத்தில் ஒரு சாம்பல் பொட்டாம். கண் வைத்தியர் படம் எடுத்துக் காட்டினார். விழித்திரை வெந்திருக்கிறது. மருந்தில்லை. சிலருக்குச் சில மாதத்தில் மாறும், சிலருக்கு மாறாது என்றார்.

ஏன் பார்த்தாய் என்று கேட்டால், ‘எனக்குத்தான் ஆசை வந்தது, அம்மா. ஆரும் சொல்லேல்லை’ என்கிறாள்.

சாரங்கி, நீ அனுப்பிய கண்ணாடிகளை நான் முதல்நாளே குப்பையில் போட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் போகமாட்டாள் என்று நினைத்தேன். அது இருந்திருந்தால் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பாள். அதோடு நேர்த்தியும் வைத்தேனே, வேலை சரிவரக் கூடாதென்று. பிள்ளையார் என் வேண்டுதலைக் கேட்ட விதம் இது. பெற்ற தாய் தன் பிள்ளையின் கண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அத்தானுக்கு இதைச் சொல்ல முடியவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா


டோஸ்ட்ருப்
30.04.2025
(அனுப்பாமல் வைத்தது)

அக்கா,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய் வருகிறேன், போய் வருகிறேன். பதில் வரவில்லை. உண்மையை எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு மேனுஜா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் விரிவுரைக்குப் படங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். ஏதென்ஸ் நகரில் பகலில் நட்சத்திரம் தெரிந்த ஒரு முழுக் கிரகணம், அதை எழுதிக்கொண்டிருந்த நேரம்.

“சித்தி, அம்மா கண்ணாடியைக் குப்பையில போட்டிட்டா. நான் களவா வெளிக்கிட்டு வந்திட்டன். சும்மா பார்க்கலாமோ?” என்றாள்.

எனக்கு உங்களில் கோபம் வந்தது. நான் அனுப்பியதை எறிந்தீர்களே என்ற கோபம். வேறொன்றுமில்லை. முகில் இருக்கோ என்று கேட்டேன். மெல்லிசாய் இருக்கு என்றாள்.

“அப்ப பார். ஒண்டும் செய்யாது. கொம்மாவைப் போலப் பயந்து சாகாதை.”

நிச்சயமா என்று டேனிஷில் கேட்டாள். நிச்சயம் என்று நானும் டேனிஷில் சொன்னேன். எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல வழியில்லை. முதல் கடிதத்தில் உங்களுக்கே எழுதியிருக்கிறேன். நாலு நாள் கழித்து மாலைப்பள்ளியில் லோரன்ஸ் என்ற கிழவர் கையை உயர்த்தி, முகிலுக்கூடாகப் பார்த்தால் பரவாயில்லையா என்று கேட்டார். கூடாது, முகில் காக்காது என்று தெளிவாய், பிசகில்லாமல் சொன்னேன். சொல்லி முடித்தபின் அடுத்த படத்தைப் போடக் கை வரவில்லை. அன்றிரவு அவளை அழைத்துக் கண் எப்படி என்று கேட்கலாமென்று நினைத்தேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்று கேட்கவில்லை.

பிறகு அவளே அழைத்தாள். “நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை, சித்தி. நீங்களும் சொல்லாதேங்கோ. சொன்னா அவ உங்களோட கதைக்காமல் விட்டிடுவா,” என்றாள். நான் சரி என்றேன். ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கண்ணாடியை எறிந்தது நீங்கள்தான். ஆனால் அவள் கேட்டுவிட்டுத்தான் பார்த்தாள். வேண்டாமென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள்.

சாரங்கி


டோஸ்ட்ருப்
04.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள்.

உங்களில் பிழையில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நியாயமாகவே சொல்கிறேன். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் ஏதென்ஸில் ஒரு தத்துவ ஆசிரியர் இருந்தார். தை மாதத்து விடியலில் முழுக் கிரகணம் ஒன்று வந்தது. அடுத்த வருடம் அவர் இறந்தார். கிரகணம் அவருடைய சாவை முன்னறிவித்தது என்று மாணவர் எழுதிவைத்தார். ஒன்று முதலில் நடந்தது, மற்றது பிறகு நடந்தது. முடிச்சைப் போட்டது துக்கத்தில் இருந்த மனம். உங்கள் நேர்த்தியும் மேனுஜாவின் கண்ணும் அப்படித்தான். எந்தப் பிள்ளையாரும் ஒரு கண்ணைக் கூலியாக வாங்குவதில்லை. கண்ணாடியைப் பற்றியும் யோசிக்காதீர்கள். அவள் வளர்ந்த பிள்ளை. தானாக ஆசைப்பட்டுப் பார்த்தாள்.

சில மாதத்தில் மாறும் என்று வைத்தியர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
சாரங்கி


வைலே
10.08.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சுகமென்று நம்புகிறேன். இரண்டு தரம் அழைத்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக்கும்.

மேனுஜாவை வைத்தியப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். ரயில் ஓட்ட இரண்டு கண்ணும் சரியாக இருக்க வேண்டுமாம். கடிதம் வந்த அன்று அவள் அழவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தில் நின்று, கோல்டிங் பக்கம் போகிற ரயில்களைப் பார்த்துவிட்டு வந்தாள். அத்தான் கூட்டிவரப் போனவர், அவளோடு சேர்ந்து நின்று பார்த்துவிட்டு வந்தார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. வாயில் ஒரு கவளம் இறங்குதில்லை.

கோயில் திருவிழாவில் அடியழித்தேன். தேருக்குப் பின்னால் ஓரடி வைத்து விழுந்து கும்பிட்டு, எழும்பி மற்றடி. கூட நடந்து வந்த அயல்வீட்டுக் கிளோறியா, ‘அக்கா, இந்த முழங்காலோட வேண்டாம்’ என்று கையைப் பிடித்தாள். அவள் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள், என்னைப் பார்க்கத்தான் வந்தவள். வீதி முழுக்கச் சுற்றி முடித்தேன். இப்போது கால் வீங்கி, கதிரையில் காலை உயர்த்திவைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், சாரங்கி. உன் கடிதத்தை எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன், அதில் எழுதியது எல்லாம் சரிதான். ஆனாலும் விடியப்புறம் முழிப்பு வந்தால் அந்தக் குப்பைப் பெட்டிதான் கண்ணில் நிற்கிறது.

நேரம் கிடைத்தால் வந்துபோ. நீ வந்தால் பிள்ளை கொஞ்சம் கதைப்பாள்.

அன்புள்ள அக்கா
புஷ்பராணி


டோஸ்ட்ருப்
14.09.2025

அக்கா,

இத்துடன் ஏப்ரல் மாதக் கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். அப்போது எழுதினேன், அனுப்பவில்லை. முதலில் அதை வாசியுங்கள், பிறகு இதை.

வாசித்திருப்பீர்கள். அதற்குமேல் விளக்க என்னிடம் ஒன்றுமில்லை. நாலு நாள் கழித்து நான் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மை, ஒன்றைத் தவிர. மேனுஜா தானாகப் பார்க்கவில்லை. அந்த ஒன்றை மறைக்கத்தான் மற்றதெல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் வீட்டில் மூட நம்பிக்கை இல்லாதவள் நான் என்று எவ்வளவு காலம் பெருமைப்பட்டிருக்கிறேன். பேசாமல் இருந்தால் கண் தானாக மாறும், பிறகு சொல்லத் தேவையே வராது என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

நீங்கள் அழைத்தபோது நான் வேலையில் இருக்கவில்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தானுக்கு நானே சொல்கிறேன், நீங்கள் சம்மதித்தால். மேனுஜாவை ஏசாதேங்கோ. இனி முழங்காலை வருத்தாதேங்கோ, அக்கா. அது உங்களுடைய பிழை இல்லை.

சாரங்கி


வைலே
07.12.2025

சாரங்கிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே இரண்டையும் வாசித்தேன். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. கோபம் ஒரு கிழமையில் போய்விட்டது. அது போனபிறகும் எழுத வரவில்லை.

மேனுஜாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஓம் என்றாள். ஏனடி எனக்கு ஒளித்தாய் என்றேன். “உங்களுக்கு இஞ்ச ஒரு தங்கச்சிதானே, அம்மா,” என்றாள். அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். அவர் காரைக் கழுவப் போனார், அந்தக் குளிரில்.

பார் என்று நீ சொன்னது ஒரு சொல். வாய்க்கு வந்தது, சொன்னாய். கோபத்தில் நானும் பிள்ளைக்கு எத்தனை சொல்லியிருக்கிறேன். அதை மன்னிக்க எனக்குக் கஷ்டமில்லை, மன்னித்தும் விட்டேன். கோயிலில் விழுந்து எழும்பியதற்கும் நான் கவலைப்படவில்லை, அது பிள்ளைக்காகச் செய்தது, வீணாகாது.

ஆனால் உன் மே மாதக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். அது வந்த அன்றுதான் நேர்த்தியையும் கண்ணாடியையும் பற்றி அத்தானுக்குச் சொல்லி, அதை உரக்க வாசித்துக் காட்டினேன். “உன்ர தங்கச்சி எவ்வளவு ஆறுதலா எழுதியிருக்கு, பார்,” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். அப்போது மற்றக் கடிதம் உன் மேசையில் இருந்திருக்கிறது. ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு மற்றதை எழுதியிருக்கிறாய். அது வாய்க்கு வந்தது அல்ல. யோசித்து, எங்கே எதை வைப்பதென்று பார்த்து எழுதியது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் நானும் உன்னைப்போல் எழுதியவள் ஆவேன்.

பிள்ளைக்குக் கண் மாறவில்லை. இனி மாறாது என்றுதான் சொல்கிறார்கள். தை மாதம் கோபன்ஹேகனில் படிக்கத் தொடங்குகிறாள், ரயில் நேர அட்டவணை போடுகிற வேலைக்கு. உன்னுடைய வீட்டில் தங்கப் போகிறாளாம். நான் மறிக்கவில்லை. படி இறங்கும்போது இடப்பக்கம் நீ நில். வாசிக்க நல்ல வெளிச்சம் வேண்டும். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், கேட்காமல் செய்.

எனக்கு இனி எழுத வேண்டாம். பிள்ளை சுகமா, சாப்பிட்டாளா என்று அறிய வேண்டியிருந்தால் அவளையே கேட்பேன். அவள் எனக்குச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான், அதையும் உனக்காகத்தான் சொன்னாள்.

புஷ்பராணி