ஒட்டிக்கொள்ளும் என்கிறீர்களே, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் ஊர் கல்பயோக்கிலிருந்து உங்கள் சின்ன மகள் டிவினா. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. போனில் ஆரம்பித்தாலே, "அந்தப் பேச்ச எடுக்காத" என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்கும் பேச வராது, அழுகைதான் வரும். பக்கத்து வீட்டு லூர்தெஸ் வியாழக்கிழமை நீங்கள் இருக்கும் குவைத்துக்குத் திரும்புகிறாள். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. புயலில் பறந்த கூரைத் தகரத்துக்குப் பதில் புதியது போட்டாயிற்று. போட்டது நிம்ஃபா. ஆமாம், ரோவெனா அக்கா விரும்புகிற அதே பஞ்சர் கடை நிம்ஃபாதான். அப்பா கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். அவள் இறங்கிப் போனதும், "இனிமே அவ இந்தப் பக்கம் தல காட்டக் கூடாது" என்றார். ஆணி அடித்து முடிக்கும்வரை காட்டலாம் போலிருக்கிறது.

போன ஞாயிறு கொன்சிங் பெரியம்மா சாப்பிட வந்தார். அக்காதான் மீனும் சோறும் பரிமாறினாள். அவளை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே பெரியம்மா சொன்னார்: "இவ வயித்துல இருக்கறப்போ உங்கம்மா கோயில் திடல்லயே பழியாக் கெடந்தா. கூடைப்பந்து ஆடுற பசங்களயே முழிச்சு முழிச்சுப் பாத்தா. மசக்கையில எதப் பாக்குறமோ அதுதான பொறக்கும்?" அப்பா, "அதெல்லாம் இல்ல, ஃபேக்டரி விடுதில ஒட்டிக்கிட்டது" என்றார். நீங்களோ, நீங்கள் வெளிநாடு போனதால்தான் இப்படி ஆனாள் என்று அழுகிறீர்கள். பாதிரியார், மனசு வைத்தால் மாறிவிடலாம் என்கிறார். உடைந்த தட்டுக்கு ஆள் தேடுவது போல ஆளுக்கு ஒரு காரணம். தட்டு உடைந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. "ஆர்னெல் அண்ணன் வயித்துல இருக்கறப்போ நீங்க யாரப் பாத்தீங்க, பெரியம்மா?" என்று கேட்டுவிட்டேன். மூன்று பெண்களை ஏமாற்றியவன் அவர் பிள்ளை. அவனுக்கு அது எங்கே ஒட்டியது என்று இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா கரண்டியாலேயே என் கையில் அடித்தார். "பாத்தியா, ஊமை பேசுது! இதுக்கும் தொத்திக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே எழுந்து போனார். அடுத்த நாளே உங்கள் குரல் செய்தி வந்தது. "சின்னவளுக்கு ஒட்டுறதுக்குள்ள பெரியவள அனுப்பிடுங்க." அப்பா அதை அக்காவின் முன்னாலேயே போட்டார்.

அக்கா சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ நல்லா இருந்தாப் போதும்டி" என்று துணியை மடித்துவிட்டாள். இந்த ஞாயிறு கப்பலில் மணிலா போகிறாள். நான் கெட்டுவிடக் கூடாதாம், அதற்காக.

அதனால் ஒன்று சொல்கிறேன், அம்மா. கோபத்தில்தான் சொல்கிறேன். கோபம் போய்விட்டால் சொல்ல மாட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியது, நீங்கள் எல்லாரும் நினைப்பது போல, கூச்சத்தால் அல்ல. யோலி என்று ஒருத்தி என் பக்கத்தில் உட்காருவாள். அவள் வராத நாளில் எனக்குப் பாடமே ஏறாது. பையன்கள் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதினார்கள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. அப்போது எனக்குப் பதிமூன்று வயது. அக்கா ஃபேக்டரியில் இருந்தாள். அவள் வீட்டுக்குத் திரும்பியது போன வருடம். நிம்ஃபாவை நான் பார்த்ததும் அதற்குப் பிறகுதான். எனக்கு யாரிடமிருந்து ஒட்டியது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை கடிதம் உங்களிடம் வந்துவிடும். சனிக்கிழமைக்குள் அப்பாவைக் கூப்பிட்டு, அவள் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாது என்றால், என்னையும் சேர்த்துப் போகச் சொல்லுங்கள்.

ஆசி வாங்க எப்போதும் செய்வது போல, உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்கிறேன். இழுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா.

உங்கள் மகள்,
டிவினா