சுக்கானின் மாத்திரையும் உன் கருவாடும்

அன்பு நைனா,

பட்டினப்பாக்கத்துக் கரையில் இன்று காலை பனிமூட்டம். கடல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் நீயும் உன் நாய் சுக்கானும் நடந்து போவது போல இருந்தது. சுக்கான் மட்டும் திரும்பி வந்தான்.

ஆமாம், அவன் இன்னும் இருக்கிறான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடிய பிறகு அவனுக்கு இருமல் வந்தது. அடையாறில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினோம். இதயம் பெரிதாகிவிட்டது, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார். தினம் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அந்த மருந்து இதயத்தின் பாரத்தைக் குறைக்குமாம். ஆனால் சிறுநீரகத்தைக் கவனிக்க அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ, தண்ணீர் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மாத்திரை கொடுக்கும் முன் போன் பண்ணச் சொன்னார்.

அம்மா ஒரு நாள் தவறவில்லை. ஆனாலும் இருமல் கூடிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு வாங்கியது. மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"மாத்திரையை எதுல வெச்சுக் குடுக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கருவாட்டுலதாம்மா. வேற எதுல குடுத்தாலும் துப்பிடுவான். எங்க வூட்டுக்காரர் பண்ண பழக்கம்." அம்மா பெருமையாகத்தான் சொன்னாள்.

"பாரத்தைக் குறைக்க மாத்திரை குடுக்கறோம். அவ்வளவு உப்பும் சேர்ந்தா பாரம் ஏறிடுமேம்மா."

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அம்மா, "நானே அவனைக் கொன்னுருப்பேனேடி" என்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. கருவாட்டைப் பிய்த்து அவன் வாயில் வைக்கும்போதெல்லாம் உன் கை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அதைப் போய் எப்படி நிறுத்தச் சொல்வது?

ஆனால் அவளே நிறுத்திவிட்டாள். உப்பில்லாமல் மீனை வேக வைத்து, முள் எடுத்து, அதில் மாத்திரையைப் பொதிந்து நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ இருந்தவரை அந்த நாயோடு ஒரு வார்த்தை பேசாதவள், தரையில் உட்கார்ந்து, "துன்றா ராஜா, உங்க நைனா இல்லடா, நான்தான் கீறேன்" என்று கெஞ்சினாள். வெகுநேரம் கழித்து, அரை மனதோடு தின்றான்.

இப்போது அம்மா பாதி டாக்டர் ஆகிவிட்டாள். பக்கத்து வீட்டு செல்வம் மாமா தன் பூனைக்கும் இரண்டு மாத்திரை கேட்டு வந்தார். "பூனைக்கு அளவு வேற, நோவும் வேற. டாக்டராண்ட தூக்கினு போ" என்று விரட்டிவிட்டாள். மூட்டு வலிக்கு நாம் போடும் மாத்திரையைச் சுக்கானுக்குக் கொடுக்கலாமா என்றும் அவளே போன் போட்டுக் கேட்டாள். கூடவே கூடாதாம், சிறுநீரகம் கெட்டுவிடுமாம்.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் தாங்குகிறது, இதே அளவைத் தொடரலாம் என்றார்கள். அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

நைனா, அங்கே உனக்குத் தனிமையாக இருக்கிறதா? எங்களுக்கும்தான். உன் பழக்கத்தை விட்டுவிட்டோமே என்று கோபித்துக்கொள்ளாதே. அவன் ஒருநாள் உன்னிடம் வருவான். ஆனால் எங்கள் கவனக்குறைவால் அவனை அனுப்ப மாட்டோம். இது சத்தியம்.

உன் மூத்த மகள்,
ஸ்டெல்லா