சின்னப்பொண்ணு வேலையைவிட்டு நின்றது

1987 புரட்டாசி, திங்கள் இரவு.

எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு. எனக்குச் சேலத்துக்கு மாற்றல். வீட்டு வேலை செய்யும் சின்னப்பொண்ணிடம் காலையில் விஷயத்தைச் சொன்னேன்.

"நடுவுல நிறுத்தினா திருடிட்டான்னுதான் சார் பேசுவாங்க. மலையிலேர்ந்து வந்த என்ன மாதிரி மலக்காரிய அப்பறம் எந்த வூட்லயும் சேக்க மாட்டாங்க" என்றாள். இந்த ஊர் அப்படித்தான்.

வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது அண்ணன் வீடு மட்டும். பாகப்பிரிவினைக்குப் பிறகு நான் மிதிக்காத வாசல். இட ஒதுக்கீட்டு மறியலுக்கு வெட்டிப்போட்ட மரங்கள் சாலையில் கிடந்தன, பஸ் இல்லை. சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு நடந்தே போனேன்.

இவளை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் அண்ணி வாசலிலேயே கேட்டார்: "இன்னாத்த எடுத்துகினான்னு நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணும் எடுக்கல அண்ணி. வூட்டுச் சாவியே அவகிட்டதான் இருக்குது. எனக்குத்தான் மாற்றல்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "இத்தினி வருஷம் உங்கிட்டயே குப்ப கொட்டினவ எங்க வேணா கொட்டுவா. நீ கெளம்புன மறுநாளே வரச் சொல்லு."

சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கிணற்றடி நிலத்தை அவன் எடுத்துக்கொண்டதை நான் மறக்கப்போவதில்லை.

அண்ணி கொடுத்த காபியில் சர்க்கரை ஜாஸ்தி. முழுவதும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.