சரோஜாவுக்கு மட்டும் வந்த பணம்

வெள்ளிக்கிழமை.

இன்று அம்பத்தூர் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர்கள்: நான், என் மகன் குமார், ஓரகத்தி சரோஜா, புரோக்கர் பாஸ்கர், மேனேஜர் அம்மாள்.

பாஸ்கரிடம் பயண இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு இருவரும் மலேசியா போனபோது, சரோஜா பத்துமலைப் படி ஏறுகிறாளே என்று நானும் ஏறினேன். இருவருமே மயங்கி விழுந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். ஆஸ்பத்திரிப் பணம் அவளுக்கு வந்துவிட்டது. பாரத்தில் சர்க்கரை வியாதியை மறைத்ததாகச் சொல்லி எனக்கு மறுத்துவிட்டார்கள்.

"சுகர்னு எழுதினா காசு ஜாஸ்தி ஆவும், வுடு ஆயான்னு இவன்தாம்மா சொன்னான். சரோஜாவும் பக்கத்துல குந்திகினு கேட்டா," என்றேன். பாஸ்கரைத்தான் கைகாட்டினேன்.

"அவங்களுக்கும் சுகர்தானே? அவங்க சொல்லிட்டாங்களே," என்றார் மேனேஜர்.

"இவன் சொன்னது நெசந்தாம்மா. ஊட்டுக்குப் போனதும் மருமவ திட்டுச்சு. அப்பவே இவனுக்குப் போன் போட்டு சுகர்னு எழுதச் சொல்லிட்டேன்," என்றாள் சரோஜா.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கலியேக்கா."

அவளுக்கு வாய்த்த மருமகள் அப்படி. எனக்கு வாய்த்தவள் போனிலிருந்து தலை நிமிர மாட்டாள்.

சரோஜாவின் சாட்சியை எழுதி வாங்கிக்கொண்டு, மறுபடி பார்ப்பதாக மேனேஜர் சொன்னார். இனி பணம் வந்தாலும் அவள் புண்ணியத்தில் வந்ததாகிவிடும். பாஸ்கர் பிழைப்புக்குப் பொய் சொன்னான், தொலையட்டும். சரோஜாவை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.