திரை போன லேப்டாப்

என்னங்க,

வீட்டைவிட்டுப் போகும்போது, "திரை போச்சு, இனி குப்பைதான்" என்று நீங்கள் போட்டுவிட்டுப் போன குட்டி லேப்டாப்பில் நேற்று லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தை ஏற்றினேன். பார்வையில்லாத எனக்குத் திரை எதற்கு? பென்டிரைவைச் செருகி ஒரு விசையைத் தட்டியதும் திரையில் வர வேண்டியதை அதுவே வாசித்துப் பேச ஆரம்பித்தது.

எட்டிப் பார்த்த உங்கள் தங்கை, "ஐயோ அண்ணி, ஒண்ணுமே தெரியலையே, ஒரே இருட்டு!" என்று பதறினாள்.

"எனக்கு என்னிக்குத் தெரிஞ்சுது? சும்மா இரு, அது பேசுறது காதுல விழல."

நடுவில், பழைய சிஸ்டத்தை அழித்துவிடவா, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.

உங்களுடையது எதையும் அழிக்கவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போனாலும் சரி, இங்கேயே இருந்தாலும் சரி. ஆனால் இனி ஆன் செய்தால் முதலில் திறப்பது என்னுடையதுதான்.

அதே வீட்டிலிருந்து,
நான்