எங்கள் குடியிருப்பின் மேல் விழுந்த குண்டு

மார்ச் 3
குடியிருப்போர் சங்கம் சுற்றுச்சுவரைப் படம் வரைய எனக்குக் கொடுத்துவிட்டது. "பூச்செடி மாதிரி ஏதாவது போடுங்க சார்" என்றார் செயலாளர். போடுகிறேன். அணுகுண்டுக்குப் பிறகு இதே குடியிருப்பு: நொறுங்கிய மாடிகள், அவற்றைப் பிளந்துகொண்டு வளரும் மரங்கள். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் பூஜாடி வரையச் சொல்லிக் கொடுத்தது போதும். சுவர் முன்னால் நின்று ஒருவராவது பயப்பட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

மார்ச் 9
இடிபாடு நன்றாக வந்திருக்கிறது. நானே மெச்சிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

மார்ச் 10
வந்துவிட்டார்கள். இரண்டாம் மாடி ஆடிட்டர்: "வெடிச்சுக் கிடக்கிற பால்கனி எங்களுதுதானே? வீட்டை விக்கலாம்னு இருக்கோம் சார். வாங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"
மூன்றாம் மாடி அக்கா: "இப்பதான் டைல்ஸ் மாத்தினோம்!"
செயலாளர்: "என் வீட்டையும் கொஞ்சம் பாத்துக்கங்க. இல்லேன்னா கூட்டத்துல வெள்ளையடிக்கச் சொல்லிடுவாங்க." கூட்டம் என்றால் அவர்தான்.

மார்ச் 14
சுவரில் எல்லார் வீட்டையும் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டேன். முதுகெலும்பு இல்லாத ஜென்மம். இடிந்து கிடப்பது எங்கள் வீடு ஒன்றுதான். விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து விழுந்த அணுகுண்டு! எரிச்சலில் எல்லா மரத்தையும் பூவையும் குருவிக்கூட்டையும் எங்கள் வீட்டிலேயே கொட்டினேன்.
மனைவி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நல்லவரு. நம்ம வீடுதான் கிடைச்சுதா?"

மார்ச் 17
மூன்றாம் மாடி அக்காவுக்கு மனத்தாங்கல். "மரத்தை எல்லாம் நீங்களே வச்சுக்கிட்டீங்களே?"
"மரம் முளைக்கணும்னா வீடு இடியணுமே" என்றேன்.
கொஞ்சம் யோசித்தார். "சரி, டைல்ஸ் தெரியுற மாதிரி இடிங்க."

மார்ச் 18
ஆடிட்டருக்கு மஞ்சள் பூ வேண்டுமாம். எதிர் வீட்டுக்காரருக்கு ஆடிட்டர் வீட்டைவிடப் பெரிய விரிசல் வேண்டுமாம். இவர்களை எந்தக் குண்டு என்ன செய்யும்?

மார்ச் 22
செயலாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் சுவர்ல இடிஞ்சு கிடக்கிற அவங்கவங்க வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க. என் வீடு மட்டும் மொட்டையா நிக்குது சார்."

மார்ச் 23
முடிந்தது. முதலில் நினைத்த அதே படம், ஒரு கோடு குறையவில்லை. இடிந்த வீடுகளுக்கு முன்னால் குடும்பம் குடும்பமாகப் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். செயலாளரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். "சமையல்கட்டையும் சேத்து இடிங்க, கூச்சப்படாதீங்க" என்றார். இடித்தேன். பயமாக இருந்தது. அத்தனை பேரில் எனக்கு மட்டும்.