நைரோபிக்குப் பறந்த மோட்டார்

பெர்மாஸ் ஜெயா
2 மார்ச் 2025

விஜயேந்திரன் அவர்களுக்கு,

கோமளா எழுதுவது. மூவாரில் நீங்களும் உங்கள் மரச்சாமான் தொழிற்சாலையும் நலம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்!

நாம் பிரிந்தபோது நீங்கள் இங்கே விட்டுப்போன மோட்டார் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பெரிய வண்டிக்கான லைசென்ஸ் எடுத்துவிட்டேன். தினமும் அதில் எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூர் ஆய்வுக்கூட வேலைக்குப் போய் வருகிறேன். கார்களெல்லாம் நெரிசலில் நிற்க, நான் பறந்துவிடுவேன்.

இனிமேல்தான் பெரிய சேதி. ஜூனில் நீண்ட விடுப்பு எடுத்து, அந்த மோட்டாரை விமானத்தில் நைரோபிக்கு அனுப்பப் போகிறேன். அங்கிருந்து கேப் டவுன் வரை நானே ஓட்டிப்போவேன். எழுதும்போதே கை பரபரக்கிறது.

வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. வெளிநாடு கொண்டுபோக உங்கள் கையெழுத்து வேண்டும். தருவீர்களா?

கோமளா

*

மூவார்
5 மார்ச் 2025

கோமளாவுக்கு,

திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு என்ன ஆயிற்று? ஐம்பத்திரண்டு வயதில் ஆப்பிரிக்காவா? பக்கத்து ஊர் தங்காக் வரை பஸ்ஸில் போனாலே தலைசுற்றுகிறது என்பவள் நீ. என் பின்னால் உட்கார்ந்து, "மெதுவாப் போங்க லா!" என்று முதுகில் குத்தியவளும் நீதான்.

கையெழுத்துப் போட மாட்டேன். ஆளில்லாத சாலையில் நீ விழுந்து கிடந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

விஜயேந்திரன்

*

பெர்மாஸ் ஜெயா
6 மார்ச் 2025

விஜயேந்திரன் அவர்களுக்கு,

தாராளமாக வாருங்கள், ஹெல்மெட்டோடு. கோத்தா திங்கி வரை என் பின்னால் உட்கார்ந்து வாருங்கள். திரும்பி வந்த பிறகும் பயம் போகவில்லை என்றால், சாவியை நானே உங்கள் கையில் தருகிறேன்.

கோமளா

*

மூவார்
10 மார்ச் 2025

அன்புள்ள கோமளா,

நேற்று நீ முன்னால் இருந்ததால் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். முதல் வளைவில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். செம்பனைக் குலை ஏற்றிய அந்த லாரி மழையில் நம்மேல் சாய்வதுபோல வந்ததே, அப்போது திறந்தேன். நீ பதறவே இல்லை. வேகத்தைக் குறைத்து, ஓரமாக இறங்கி வழிவிட்டு, மறுபடி சாலையில் ஏறினாய். நானாக இருந்தால் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே பள்ளத்தில் இறங்கியிருப்பேன்.

பெட்ரோல் நிலையத்தில் ஒரு மலாய்க்காரப் பையன் என்னைப் பார்த்து, "பாச்சிக், தும்பாங் சாஜா?" என்றானே, மாமா சும்மா தொற்றிக்கொண்டுதான் வருகிறீர்களா என்று. எனக்கு வெட்கமாக இல்லை, கோமளா. பெருமையாக இருந்தது. நேரில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கையெழுத்து வேண்டாம். நீ லீவு எடுத்துக்கொண்டு ஜேபிஜே சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வா, வண்டியை உன் பெயருக்கே மாற்றித் தருகிறேன். பிறகு நீ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, என்னிடமும்.

வண்டியை அடைத்து அனுப்ப மரப்பெட்டியை நான் செய்கிறேன். ஊர் ஊராக மேசை நாற்காலி அனுப்புகிறவனுக்கு ஒரு மோட்டாரை அனுப்பத் தெரியாதா!

விஜயன்

*

மூவார்
6 ஜூன் 2025

அன்புள்ள கோமளா,

ஏறிவிட்டது! நீ நைரோபியில் இறங்கியதும் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும்.

நீ வண்டியை மூவாரில் விட்டுப்போன அன்றே பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, வாரால் இழுத்துக் கட்டி, பெட்டியை மூடினேன். லாரியோட்டி ஐயாசாமியோடு இன்று சிப்பாங் விமானச் சரக்கு முனையத்துக்குப் போனால், அங்கிருந்த அதிகாரி ரூபேந்திரன் அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அங்கிள், உயரம் ஜாஸ்தி. இந்த பிளேன்ல போவாது. அடுத்த வாரம் பெரிய பிளேன்ல பாக்கலாம்."

"அடுத்த வாரமா? வண்டிக்குச் சொந்தக்காரங்க இன்னிக்கி நைட்டே கிளம்பறாங்க தம்பி!"

"சாயங்காலத்துக்குள்ள கொறச்சிக் கொண்டாந்தீங்கன்னா ஏத்திக்கிறேன்."

அளவு தவறியது என் பிழை. வாசலுக்கு வெளியே லாரி மேலேயே பெட்டியைத் திறந்தோம். காற்றுத்தடுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், முன்சக்கரத்தைக் கழற்றினேன், ஹேண்டிலைத் தாழ்த்திக் கட்டினேன். ஐயாசாமி வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் பெட்டியின் சட்டங்களை அறுத்துக் குறைத்தேன். "அலமாக், நாமளே பிளேன் செய்ற மாதிரி இருக்கு லா!" என்று அவர் சிரித்தார். பெட்டியை மூடி மறுபடி அளக்கக் கொண்டுபோனோம். ரூபேந்திரன் கட்டைவிரலைத் தூக்கியதும், சின்னப் பையன்போலக் கத்தியே விட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன். கேப் டவுனில் நீ வந்து சேரும்போது நான் அங்கே நிற்கட்டுமா? ஊர் திரும்பியதும் பழையபடி ஒரே வீட்டில் இருப்போமா? அவசரமில்லை. ஆனால் பதில் எழுது.

உன் விஜயன்

*

நைரோபி
12 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பெட்டி பத்திரமாக வந்துவிட்டது. சுங்கக் கொட்டகையில் பலகைகளைப் பிரித்ததும் ஒரே கூட்டம். முன்சக்கரத்தை நானே மாட்டினேன். அச்சாணி சரியாக உட்கார ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை இணைத்துப் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரிக் கம்பியை இறுக்கிவிட்டு மறுபடி அழுத்தினேன், உறுமியது! எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே வீடு என்று இப்போது வாக்குத் தர மாட்டேன். தனியாக இருக்கப் பழகிவிட்டேன், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இதை வருத்தப்படாமல் படியுங்கள்.

ஆனால் கேப் டவுனில் வந்து நிற்காதீர்கள். அதற்கு முன்பே, ஆகஸ்டில், நமீபியாவில் உள்ள விண்ட்ஹோக்குக்கு வாருங்கள். அங்கே மோட்டார் வாடகைக்குக் கிடைக்கிறது. உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் சரளைச் சாலையாம், இப்போதே பழகத் தொடங்குங்கள். கடைசித் தூரத்தைப் பக்கத்துப் பக்கமாக ஓட்டுவோம். மாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவோம், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

நாளைக் காலை தான்சானியா எல்லையை நோக்கிக் கிளம்புகிறேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போய்க்கொண்டுதான் இருப்பேன். ஆனால் வாருங்கள்.

கோமளா